இருநூற்றுப் பதின்மூன்றாவது லிங்க்

ஐந்தாம் அத்தியாயம்

"என் தம்பிக்கு மார்க் ஏறிக்கிட்டே போகுது மேடம். அவன் காணாமப் போய் ஆறு வருஷம் ஆச்சு."

சொன்ன பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். விரல் நுனிகளில் ரோஜா நிறப் பொடி ஏறி, கழுவினாலும் போகாத கறையாக நின்றிருந்தது. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கிறவர். கையோடு கொண்டுவந்திருந்த ஃபைலை மேஜைமேல் வைத்து, எதிரில் இருந்தவர் பக்கம் திருப்பினார்.

எதிரில் இருந்தவரை ஊரே இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் கூப்பிட்டது. போலீஸ் வேலையை விட்டு ஒன்பது வருஷமாகியும், தனியாகத் துப்பறியும் அலுவலகம் வைத்த பிறகும், அந்தப் பேர் மட்டும் விட்டுப் போகவில்லை. ஐந்து வாரங்களுக்கு முன்னால் அவர் ஒரு வழக்கை முடித்திருந்தார். பதினோரு நாள் தேடி, ஒரு மனுஷரை நீர்த்தேக்கத்தில் கண்டுபிடித்து, அவருடைய மனைவியிடம் சமையலறை வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து எது கேட்டாலும் காதோடு நின்றுவிடுகிறது. ஆறு வருஷம், காணாமல் போன தம்பி என்ற வார்த்தைகள் முன்பானால் அடிவயிற்றில் போய் உட்கார்ந்திருக்கும். இப்போது பஸ் நிறுத்தத்தின் பெயர்ப்பலகையைப் படிப்பதுபோல் இருந்தது.

"மார்க்குன்னா?" என்றார்.

பதில் பக்கத்து மேஜையிலிருந்து வந்தது. "சிபாரிசு மேடம்." அங்கே அவருடைய உதவியாளர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி ஃபைலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருஷம் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தியவர். பத்திரிகை ஆட்களைக் குறைத்தபோது இங்கே வந்து சேர்ந்தார். பேர் புரூஃப் சார். "இவங்க தம்பிக்காக ஒரு வெப்சைட் வச்சிருக்காங்க. அதுக்குத்தான் மார்க். நூத்துக்கு எவ்வளவுன்னு ஒரு மென்பொருள் எடைபோட்டுச் சொல்லும்."

"எதை வச்சு?"

"யார் கைகாட்டறாங்கன்னு பார்த்து. வேறொரு தளத்துல இருந்து இந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தா, 'நம்பலாம், போய்ப் பாருங்க'ன்னு சொன்ன மாதிரி. கைகாட்டற ஆள் பெரிய ஆளா இருந்தா மார்க் ஜாஸ்தி. என்னை மாதிரி ஆள் கைகாட்டினா இருக்கிறதும் போயிடும். இங்க பாருங்க, இதுக்குப் பேக்லிங்க்னு பேரு. அதைத் தமிழ்ல பின்னிணைப்புன்னு போட்டிருக்கான். பின்னிணைப்புன்னா புத்தகத்துக்குக் கடைசியில யாரும் படிக்காம இருக்கிறது."

பல்செட்காரம்மா சிரிக்கவில்லை. "மூணு மாசம் முன்னால வரைக்கும் நாலு மார்க்தான். இப்ப நாப்பத்தாறு. பக்கத்தை அமைச்சுக் கொடுத்த கம்ப்யூட்டர் டீச்சர் மாசாமாசம் அச்செடுத்துக் கொடுப்பாங்க. தம்பி பேரைத் தேடினா இப்ப இதுதான் முதல்ல வருது."

"நீங்க எதுவும் செய்யலையா?"

"எனக்கு என்ன தெரியும்? நான் வருஷத்துக்கு ஒரு தடவை அவன் பிறந்த நாளன்னிக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்லுவேன். அவ்வளவுதான். யாரோ ஊர் ஊரா, ஆபீஸ் ஆபீஸா போய் என் தம்பிக்காகச் சொல்லியிருக்காங்க மேடம். இருநூத்துப் பதின்மூணு இடத்துல. அவனைத் தெரியாதவங்க இத்தனை பாடுபட மாட்டாங்க. அவங்க யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. அவங்ககிட்ட கேட்டா அவன் இருக்கிற இடம் தெரிஞ்சுடும்."

தம்பி லிஃப்ட் மெக்கானிக். அவன் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த ஒரு லிஃப்ட், மூன்றாவது நாள் அறுந்து விழுந்தது. உள்ளே இருந்த துப்புரவுப் பணியாளர் பிழைக்கவில்லை. அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன், பாதியில் எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போனான். திரும்பவில்லை. கம்பியே கோளாறாக வந்தது, மெக்கானிக் மேல் தவறில்லை என்று விசாரணை அறிக்கை சொல்ல இரண்டு வருஷம் ஆயிற்று. அதையும் அக்கா அந்தப் பக்கத்தில் போட்டிருந்தார்.

"நேத்து அவன் ரூமைத் திறந்து பெருக்கினேன்," என்றார் கிளம்பும்போது. "இத்தனை நாளா திறக்கவே இல்லை."

கதவு மூடியதும் புரூஃப் சார் சொன்னார், "இந்தம்மாவுக்குக் கெட்ட சேதி சொல்ற வேலையை என் தலையில கட்டிடாதீங்க."

"நல்ல சேதியா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். ஆனா இருநூத்துப் பதின்மூணு பேர் ஒரே சமயத்துல நல்லவங்களா ஆகி நான் பார்த்ததில்லை."

*

பட்டியலை மேஜைமேல் விரித்தார்கள். ஒரு பல்கலைக்கழகம், இரண்டு பத்திரிகைகள், செவிலியர் சங்கம், ஓட்டுநர் சங்கம், நூலகங்கள், நாலைந்து தேவாலயங்கள். ஒவ்வொன்றிலும் லிங்குக்கு மேலே இரண்டொரு வரி. இன்ஸ்பெக்டரம்மா ஒவ்வொரு பக்கமாகத் திறக்க, புரூஃப் சார் பென்சிலோடு உட்கார்ந்தார். இருபது நிமிஷம் கழித்து, தொண்டையைச் செருமினார்.

"மேடம், இவர் காணாமப் போகலை. கானாமப் போயிருக்கார்."

"என்ன?"

"மூணு சுழி ணகரம் வரவேண்டிய இடத்துல ரெண்டு சுழி. 'கானாமல் போன சகோதரரைத் தேட உதவுங்கள்.' ஏதோ கானம் பாடிக்கிட்டே போன மாதிரி இருக்கு. இந்தம்மா பக்கத்துல சரியாத்தான் எழுதியிருக்கு. ஆனா இங்க பாருங்க, செவிலியர் சங்கத்துல கானாமல். நூலகத்துல கானாமல். பல்கலைக்கழகத்துலயும் கானாமல். அங்க தமிழ்த்துறை வேற இருக்கு."

இன்ஸ்பெக்டரம்மா மறுபடியும் வரிசையாகப் பார்த்தார். ஒரே வாக்கியம். ஒரே பிழை. யாரோ ஒருவர் எழுதியனுப்பியதை எல்லோரும் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

"ஒரே கை," என்றார்.

"ஒரே கை. பாசம் உள்ளவங்களும் பிழை விடுவாங்கதான். ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது திருப்பிப் படிப்பாங்க. இது படிக்காம அனுப்பினது."

தேடும் கட்டத்தில் தம்பியின் முழுப் பெயரையும் அடித்துப் பார்த்தார் இன்ஸ்பெக்டரம்மா. முதலில் வந்தது அக்கா வைத்த பக்கம். இரண்டாவதாக அதே பெயரில் ஒரு சதுரங்கச் சாம்பியன் பையன். மூன்றாவது ஒரு தோல் மருத்துவர், நான்காவது ஒரு கிடார் வாத்தியார். அது அபூர்வமான பெயர் இல்லை. இன்ஸ்பெக்டரம்மா சதுரங்கப் பையனின் மார்க்கையும் எடைபோடச் சொன்னார். மூன்று மாதத்தில் இரண்டிலிருந்து முப்பத்தொன்று. தோல் மருத்துவர் பதினேழிலிருந்து நாற்பது. கிடார் வாத்தியார் செத்துப்போய் எட்டு வருஷமாகியும் முப்பத்தைந்துக்கு ஏறியிருந்தார்.

"ஊர்ல இந்தப் பேர் வச்ச எல்லாரையும் யாரோ தோள்ல தூக்கி வச்சிருக்காங்க," என்றார் புரூஃப் சார். "என் பேருக்கு இப்படி ஒருத்தன் கிடைக்க மாட்டேங்கிறான்."

"ஏறினவங்களைப் பார்த்தது போதும். இறங்கினது யாருன்னு பாருங்க."

கம்ப்யூட்டர் டீச்சர் மாதாமாதம் எடுத்த அச்சுகள் இப்போது உதவின. மூன்று மாதத்துக்கு முந்தைய தாளில், இந்தப் பெயரைத் தேடினால் முதலில் வந்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் பக்கம். அதே பெயருள்ள ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் கட்டிய வீடுகளில் சுவர் சுவராக விரிசல். அதைப் படம் எடுத்து, தேதி போட்டு, வரிசையாக வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் இப்போது பதினாலாவது இடத்தில் கிடந்தது. அவ்வளவு தூரம் கீழே யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

இன்ஸ்பெக்டரம்மா ஒப்பந்தக்காரரின் சொந்தத் தளத்தைத் திறந்து, கடைசி வரிக்குப் போனார். தளத்தைப் பராமரிப்பது நற்பெயர் நிலையம் என்று சின்ன எழுத்தில் இருந்தது. நற்பெயர் நிலையத்தின் முகப்பில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் பெரிய எழுத்து.

புரூஃப் சார் அதை நிறுத்தி நிதானமாக வாசித்தார். "'உங்கள் கடந்தகாலத் தவறுகள் கானாமல் போகும்.'" பென்சிலைக் காதில் செருகினார். "எழுந்திருங்க மேடம். தவறு போகலை, இங்கதான் இருக்கு."

*

நற்பெயர் நிலையம் நான்காவது மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் ஆறு பேர் காதில் ஹெட்போனோடு தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. உள்ளறையில் மேலாளர். முப்பத்தைந்து வயது, சாதுவான முகம். இருவருக்கும் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். சுற்றி வளைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"நாங்க யாருக்கும் கெடுதல் பண்ணலையே மேடம். ஒரு பேரைத் தேடினா முதல் பக்கத்துல பத்து இடம் இருக்கு. அந்தப் பத்து இடத்துலயும் அதே பேருள்ள நல்லவங்களை உட்கார வச்சுட்டா, மத்தது தானா கீழே போயிடும். நல்லவங்களைத்தான் மேலே கொண்டுவர்றோம்."

"அந்த இருநூறு இடத்துக்கும் நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா."

"யார் பேர்ல?"

மேலாளர் கொஞ்சம் தயங்கினார். "அக்கா எழுதற மாதிரி. கம்பெனி பேர்ல எழுதினா யாரும் பதில் போட மாட்டாங்க. அக்கா எழுதினா போடறாங்க."

"அந்த அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றார் புரூஃப் சார். "குறைஞ்சது ணகரம் எங்க வரும்னாவது கேட்டிருக்கலாம்."

மேலாளருக்கு அது புரியவில்லை. உற்சாகமாகவே தொடர்ந்தார். "காணாமப் போனவர்னா மாட்டேன்னு சொல்ல யாருக்கும் மனசு வராது மேடம். சதுரங்கப் பையனுக்கு நாப்பது லிங்க்தான் தேத்த முடிஞ்சது. இவர் நல்லா ஓடினார்." பிறகு ஏதோ தோன்றியவர்போல, உண்மையான அக்கறையோடு கேட்டார், "ஆளு கிடைச்சாரா?"

"இல்லை."

"அடடா."

இந்த இடத்தில் கோபம் வரவேண்டும் என்று இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தெரிந்தது. பழைய இன்ஸ்பெக்டரம்மாவாக இருந்தால் நாற்காலியைப் பின்னால் தள்ளிய சத்தமே முன்னறைவரை கேட்டிருக்கும். இப்போது அவர் தண்ணீர்க் குவளையின் விளிம்பில் இருந்த கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எங்கோ அடுத்த கட்டடத்தில் யாருக்கோ வந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது.

"நீங்க வாங்கின லிங்க் அத்தனைக்கும் பட்டியல் வேணும். உங்க ஆளுக்காக மேலே தூக்கின மத்தவங்க பட்டியலும் வேணும்."

"அது வாடிக்கையாளர் ரகசியம்..."

"ஒரு அக்கா பேர்ல இருநூறு பொய்க் கடிதம் போட்டிருக்கீங்க. அது ரகசியமா இல்லையான்னு ஸ்டேஷன்ல உட்கார்ந்து பேசிக்கலாமா?" குரல் உயரவே இல்லை. அதனாலேயே மேலாளர் உடனே அச்சு எந்திரத்தை இயக்கினார்.

தாள்களை வாங்கிக்கொண்டு எழுந்தபோது, மேலாளர் தணிந்த குரலில் கேட்டார். "எல்லாத்தையும் எடுத்துடணுமா மேடம்? சொன்னீங்கன்னா ஒரே வாரத்துல எடுத்துடறோம்."

"எதையும் தொடாதீங்க. நான் சொல்றவரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

கீழே இறங்கும்போது புரூஃப் சார் சொன்னார், "ஒரு பிரதி குடியிருப்போர் சங்கத்துக்கு அனுப்பிடறேன். விரிசலுக்கு மேல ஒரு விரிசல் இருக்குன்னு தெரிஞ்சுக்கட்டும்."

"அனுப்புங்க."

*

பல்செட் பட்டறைக்குப் போகும் பஸ்ஸில் புரூஃப் சார் இரண்டு பட்டியலையும் மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டு வந்தார். மூலத்தையும் அச்சையும் ஒத்துப் பார்க்கிற பழக்கம். அதை விட்டுவிட்டு அவரால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வர முடியாது.

இன்ஸ்பெக்டரம்மா பார்த்துக்கொண்டுதான் வந்தார். கடைகள், துவைத்த துணி தொங்கும் மாடிகள், ஒரு பள்ளிக்கூடச் சுவர். எந்த வாக்கியத்தில் ஆரம்பிப்பது என்று யோசித்தார். நீர்த்தேக்கத்து மனுஷரின் மனைவியிடம் 'உட்காருங்க' என்று ஆரம்பித்தார். அது தப்பான ஆரம்பம். உட்காரச் சொன்னதுமே அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒண்ணு உதைக்குது," என்றார் புரூஃப் சார்.

"எது?"

"அவன் கொடுத்தது இருநூத்துப் பன்னிரண்டு. நம்மகிட்ட இருநூத்துப் பதின்மூணு. மிச்சம் இருக்கிற ஒண்ணு அடிமட்டம். மார்க் ஒண்ணே ஒண்ணு. மென்பொருளே சிவப்பு மையில குப்பைன்னு குறிச்சு வச்சிருக்கு. சொல்லுக்கும் லிங்குக்கும் சம்பந்தம் இல்லையாம்."

"எந்தத் தளம்?"

"ஏதோ முதியோர் இல்லம். 'சென்ற வாரம் வடக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம்'னு ஒரு பழைய அறிவிப்பு. அதுல சுண்ணாம்புங்கிற வார்த்தையைத் தொட்டா நேரா இந்தம்மா பக்கத்துக்குப் போகுது. யாரோ கை தவறி ஒட்டியிருக்கான். சுவருக்கு அடிக்க வேண்டியதை லிங்குக்கு அடிச்சிருக்கான்."

இன்ஸ்பெக்டரம்மா தலையாட்டினார். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

பட்டறை ஒரு நீள அறை. சுவரோரப் பலகையில் அளவெடுத்து வார்த்த பிளாஸ்டர் வாய்கள் திறந்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் நோயாளியின் எண் பென்சிலில். பல்செட்காரம்மா ஜன்னலோரத்தில், ஒரு மேல்வரிசைப் பல்செட்டைச் சின்ன மோட்டாரில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இன்ஸ்பெக்டரம்மா அந்த முகத்தைப் பார்க்காமலிருக்க, மோட்டாரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

எல்லாவற்றையும் சொன்னார். ஒப்பந்தக்காரர், விரிசல், பத்து இடம், அக்கா பெயரில் போன கடிதங்கள். எதையும் பூசி மெழுகவில்லை. எவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சுருக்கமாகச் சொன்னார்.

பல்செட்காரம்மா வேலையை நிறுத்தவில்லை. பல்செட்டைத் திருப்பிப் பிடித்து, மறுபக்கத்தைத் தேய்த்தார்.

"அப்ப யாரும் இல்லை," என்றார்.

"இல்லை."

"அவன் பேரு தேவைப்பட்டிருக்கு. அவன் தேவைப்படலை."

"ஆமா."

"சரி." ரோஜாப் பொடி மோட்டாரிலிருந்து பறந்து அவர் முழங்கையில் படிந்தது. "ரூமை மறுபடி பூட்டிடறேன். தூசி சேராது."

அழுகை இல்லை. கேள்வி இல்லை. எதிரெதிரே இரண்டு பேர், இரண்டு பேருக்கும் மரத்துப்போயிருந்தது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சற்ற இடத்தில் புரூஃப் சாரால் இருக்க முடியாது. பல் ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்துவைத்தபடியே பேச முயன்ற மனிதர் அவர். ஏதாவது சொல்லவேண்டுமே என்று சொன்னார்.

"எல்லாமே அந்த நிலையத்து வேலைன்னு சொல்ல முடியாதும்மா. ஒண்ணு மட்டும் அவங்க போட்டது இல்லை. அது குப்பைதான், இருந்தாலும் கணக்குக்காகச் சொல்றேன். ஒரு முதியோர் இல்லத்துல சுண்ணாம்புன்னு போட்டு..."

மோட்டார் நின்றது.

"என்ன போட்டு?"

"சுண்ணாம்பு."

பல்செட்காரம்மா பல்செட்டைக் கீழே வைத்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவனுக்குப் பத்தொன்பது வயசு இருக்கும்போது சைக்கிள்ல இருந்து விழுந்து முன்பல் போச்சு. நான் அப்பத்தான் தொழில் கத்துக்கிட்டிருந்தேன். நானே கட்டித் தரேன்னு கட்டினேன். நிறம் பார்க்கத் தெரியலை. மத்த பல்லெல்லாம் ஒரு நிறம், இது மட்டும் பளீர்னு வெள்ளையா வந்துடுச்சு. மாத்திடலாம்டான்னேன். வேண்டாம், நீ கட்டின முதல் பல்லு, இருக்கட்டும்னுட்டான். அன்னையில இருந்து நான் அவனைச் சுண்ணாம்புன்னுதான் கூப்பிடுவேன். வீட்டுக்குள்ள மட்டும். வெளியில யாருக்கும் தெரியாது."

"அந்தப் பேரைப் பக்கத்துல எங்கயாவது எழுதினீங்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா. தன் குரல் சற்று வேறாக ஒலித்ததை அவரே கவனித்தார்.

"எங்கயும் எழுதலை. போலீஸ்ல எழுதிக் கொடுத்ததுலகூட இல்லை."

புரூஃப் சார் அதற்குள் கம்ப்யூட்டர் டீச்சரின் தாள்களைப் பிரித்துவிட்டார். ஒவ்வொரு மாத அறிக்கையிலும் கடைசித் தாள் ஒன்று இருந்தது. பக்கத்தைப் பார்க்க வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற விவரம். அதை யாரும் படித்ததில்லை. பென்சில் முனை ஒரு வரியில் நின்றது. அடுத்த மாதத்தை எடுத்தார், பிறகு அதற்கடுத்த மாதத்தை. விசாரணை அறிக்கையைப் பக்கத்தில் போட்ட மாதம்வரைக்கும் பின்னால் போனார்.

"முதியோர் இல்லத்துப் பக்கத்துல இருந்து வந்தவர், ஒருத்தர்," என்று வாசித்தார். "சனிக்கிழமை மத்தியானம். அடுத்த சனிக்கிழமை, ஒருத்தர். அதுக்கடுத்த சனிக்கிழமை, ஒருத்தர். நாலு வருஷமா, மேடம். ஒரு சனிக்கிழமைகூட விட்டுப் போகலை."

சுண்ணாம்பு என்ற சொல் பிறருக்காக வைத்த லிங்க் இல்லை. தம்பி தானே வந்துபோக வைத்துக்கொண்ட வாசல்.

இன்ஸ்பெக்டரம்மா போனில் அந்த இல்லத்தின் பக்கத்தைத் திறந்தார். அதன் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தார்.

"உங்க வெப்சைட்டைப் பார்த்துக்கிறவர்கிட்ட பேசணும்."

"லிஃப்ட், தண்ணி மோட்டார், வெப்சைட் எல்லாத்துக்கும் எங்களுக்கு ஒரே ஆளுதாங்க. மாடியில இருக்கார். இருங்க, கூப்பிடறேன்."

ரிசீவரை மேஜைமேல் வைத்த சத்தம். எங்கோ வானொலி. ஒரு முதியவர் யாரிடமோ சட்டைப் பொத்தானைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். பல்செட்காரம்மா எழுந்து நின்றிருந்தார். அவர் கை நீண்டது. இன்ஸ்பெக்டரம்மா அந்தக் கையை மெதுவாகப் பிடித்து, தலையசைத்து நிறுத்தினார். போனவர் விவரம் தெரிந்த வயதில் தானாகப் போனவர். முதலில் அவரைக் கேட்க வேண்டும்.

"சொல்லுங்க," என்றது ஓர் ஆண் குரல்.

"நான் ஒரு துப்பறியும் அலுவலகத்துல இருந்து பேசறேன். நீங்க போனை வைக்கணும்னா வைக்கலாம், நான் திரும்பப் பண்ண மாட்டேன். உங்க பக்கத்துல சுண்ணாம்புன்னு ஒரு லிங்க் இருக்கு."

போனை அவர் வைக்கவில்லை. முதியவருக்குப் பொத்தான் கிடைத்துவிட்டது போலிருந்தது.

"தப்பு உங்க மேல இல்லைன்னு அறிக்கை வந்ததை வாசிச்சிருப்பீங்க."

"வாசிச்சேன்." குரல் தணிந்தது. "அன்னிக்கே கிளம்பியிருக்கணும். ரெண்டு வருஷம் ஓடிப்போயிருந்தது. வந்து என்ன சொல்றதுன்னு தெரியலை. அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம்னு... அந்த லிஃப்ட்ல செத்தவர் வீட்டுலயும் சொல்றதுக்கு எதுவும் இல்லை. அக்கா வருஷா வருஷம் ஒரு வரி எழுதறாங்க. அதை வாசிச்சுட்டுப் போயிடுவேன்."

"இனிமே அதுக்கு லிங்க் வேண்டியதில்லை. உங்க பேரைத் தேடினாலே முதல்ல அதுதான் வருது."

"எப்படி?"

"அது பெரிய கதை. அக்கா இங்கதான் இருக்காங்க. பட்டறையில. போனைக் கொடுக்கவா? வேண்டாம்னா வேண்டாம்."

இன்ஸ்பெக்டரம்மா காத்திருந்தார். நீர்த்தேக்கத்துக்குப் பிறகு, ஒரு பதிலுக்காக அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இதுதான் முதல் தடவை.

"கொடுங்க," என்றது குரல்.

பல்செட்காரம்மா போனை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். புரூஃப் சார் பிளாஸ்டர் வாய்களின் பக்கம் திரும்பி, எண்களைச் சரிபார்க்கிறவர்போல நின்றுகொண்டார்.

பிறகு அக்கா கேட்டார்.

"பல்லு இருக்கா?"

கேட்டுக்கொண்டார்.

"எந்த ஓரம் உடைஞ்சிருக்கு? ... சாப்பிடும்போது குத்துதா? ... அப்புறம் இத்தனை நாளா எப்படிச் சாப்பிடறே?"

கண்ணிலிருந்து வழிந்ததைப் புறங்கையால் துடைத்ததில் ரோஜாப் பொடி கன்னத்தில் அப்பிக்கொண்டது. ஆணியில் தொங்கிய நிறப் பட்டையை எடுத்தார். பழுப்பிலிருந்து வெள்ளைவரை பதினாறு மாதிரிப் பற்கள் கோத்த பட்டை. அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"வா. வேற கட்டித் தரேன். இப்பல்லாம் எனக்கு நிறம் பார்க்கத் தெரியும்டா, மத்த பல்லோட அப்படியே ஒத்துப்போகும். கண்டே பிடிக்க முடியாது."

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். பல்செட்காரம்மாவின் விரல் பட்டை நெடுக நகர்ந்து கடைசிக்குப் போயிற்று.

"அதே வெள்ளைதான் வேணுமா?" என்றார். "சரி."